‘பரவாயில்லை’ என்றால் எத்தனை மார்க்?

ஒவ்வொரு வருஷமும் மார்ச் 20-ஐ ஒட்டி எங்கள் காலேஜ் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரே சண்டை திரும்பத் திரும்ப வரும். உலக மகிழ்ச்சி அறிக்கை வெளியாகும். பின்லாந்து முதலிடம் (2018-லிருந்து அதேதான்). இந்தியா எங்கேயோ கீழே. 2024-ல் 143 நாடுகளில் 126-வது, 2025-ல் 147 நாடுகளில் 118-வது. ஒரு கோஷ்டி ‘பாத்தீங்களா நம்ம லட்சணத்தை’ என்று ஆரம்பிக்கும். இன்னொரு கோஷ்டி ‘அது வெள்ளைக்காரன் அளவுகோல்டா, நம்ம சந்தோஷம் அவனுக்கு எப்படிப் புரியும்’ என்று வரும். ரெண்டு நாளில் அடங்கிவிடும்.

இரண்டு கோஷ்டியிலும் எனக்குக் குறை உண்டு. முதல் கோஷ்டி அளவுகோலைப் பார்க்காமலே அளவை நம்புகிறது. இரண்டாவது கோஷ்டி, தனக்குப் பிடிக்காத ரேங்க் வரும்போது மட்டும் அளவுகோலைப் பார்க்கிறது. இந்தியா ஏதாவது ஒரு பட்டியலில் மேலே வந்தால் ‘வெள்ளைக்காரன் அளவுகோல்’ என்று ஒருத்தரும் சொல்லி நான் கேட்டதில்லை.

அந்த அறிக்கையின் ரேங்க் ஒரே ஒரு கேள்வியிலிருந்து வருகிறது. ஓர் ஏணியை நினைத்துக்கொள்ளுங்கள், அடியில் 0, உச்சியில் 10. உச்சி என்பது உங்களுக்கு அமையக்கூடிய மிக நல்ல வாழ்க்கை, அடி என்பது மிக மோசமான வாழ்க்கை. இப்போது நீங்கள் எந்தப் படியில் நிற்கிறீர்கள்? ஒரு நாட்டில் வருஷத்துக்குச் சுமார் ஆயிரம் பேரிடம் கேட்டு, மூன்று வருஷச் சராசரி எடுக்கிறார்கள். கேள்வி புதிதல்ல. ஹேட்லி கேன்ட்ரில் 1965-ல் போட்ட புத்தகத்திலிருந்து வருவது. அன்றைக்கே இந்தியாவிலும் கேட்டிருக்கிறார். அந்த எண்களை 1974-ல் ஈஸ்டர்லின் ஒரு அட்டவணையாகப் போட்டார்: இந்தியா 3.7, ஜப்பான் 5.2, எகிப்து 5.5. அறுபதுகளின் எகிப்து ஜப்பானை விட மேலே. இதைப் பார்த்ததுமே ‘எகிப்துக்காரர்கள் சந்தோஷமானவர்கள்’ என்று எழுதத் தோன்றும். அல்லது எகிப்தில் 5.5 என்பதும் ஜப்பானில் 5.2 என்பதும் ஒரே யூனிட்டில் இல்லை என்று தோன்றும். எது சரி என்று அந்த அட்டவணையை மட்டும் வைத்துக்கொண்டு சொல்லவே முடியாது. என் பிரச்சினை அங்கே ஆரம்பிக்கிறது.

ஏணி என்ற படமே ஒரு பதிலைத் தூண்டுகிறது என்பதற்கு ஆதாரம் உண்டு. 2024 ஜனவரியில் நில்சனும் கூட்டாளிகளும் பிரிட்டனில் செய்த சோதனையில், ஏணிக் கேள்வியைப் படித்தவர்கள் மனதில் பணமும் அதிகாரமும்தான் அதிகம் வந்தன. ஏணியை எடுத்துவிட்டுக் கேட்டால் அது குறைந்தது. பிரிட்டனிலேயே அப்படி. நம்மூரில் ‘மேல’, ‘கீழ’ என்ற இரண்டு சொற்களும் என்னவெல்லாம் சுமந்து வருகின்றன என்று நான் விளக்க வேண்டியதில்லை.

மகிழ்ச்சியை விடுவோம். அது கொஞ்சம் வழுக்குகிற விஷயம். உடம்பு சரியில்லை என்பது அப்படியில்லையே, இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும் என்றுதான் நானும் நினைத்தேன். அமர்த்திய சென் 2002 ஏப்ரலில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதிய சின்னக் கட்டுரையைப் படிக்கும்வரை.

கட்டுரையின் சாரம் இது. இந்திய மாநிலங்களில் ஆயுட்காலம் அதிகம் உள்ளது கேரளா. ‘எனக்கு உடம்பு சரியில்லை’ என்று சொல்பவர்களின் விகிதம் அதிகம் உள்ளதும் கேரளா. வயதுவாரியாகப் பிரித்துப் பார்த்தாலும் அப்படித்தான். ஆஸ்பத்திரியும் பள்ளிக்கூடமும் மோசமாக இருந்த, ஆயுள் குறைந்த பீகாரில், உடம்பு சரியில்லை என்பவர்கள் மிகக் குறைவு. அமெரிக்காவில் கேட்டால் கேரளாவை விடவும் அதிகமான பேர் நோய் சொல்கிறார்கள். அந்த எண்களை அப்படியே நம்பினால், ஆரோக்கியமாக இருக்க பீகாருக்குக் குடிபோக வேண்டும். சென் சொல்லும் விளக்கம்: நோயை நோய் என்று அடையாளம் காணப் படிப்பும் மருத்துவமும் வேண்டும். அது இல்லாத இடத்தில் மூட்டுவலி ‘வயசானா அப்படித்தான்’ ஆகிவிடும், ரத்தசோகை ‘அசதி’ ஆகிவிடும்.

இந்தக் கட்டுரையை மேற்கோள் காட்டாத ஆளில்லை. நானும் பல வருஷம் அப்படியே ஒப்பித்துக்கொண்டிருந்தேன். திரும்பப் படித்தபோது இரண்டு இடங்களில் நெருடியது.

முதலாவது, கேரளாவின் எண் முழுக்க ‘உணர்வு’ இல்லை. செத்துப்போனவர் சர்வேயில் பதில் சொல்வதில்லை. அறுபதில் மாரடைப்பு வந்தவர் ஓர் இடத்தில் இறந்துபோகிறார், இன்னோர் இடத்தில் பிழைத்து எழுபத்தெட்டு வரை மாத்திரை சாப்பிடுகிறார். இரண்டாமவர் ஒவ்வொரு சர்வேயிலும் நோயாளி. அது வாய்ச்சொல் இல்லை, உண்மையான நோய். நல்ல மருத்துவம் தானே உருவாக்குகிற நோயாளி. இது எவ்வளவு, உணர்வு எவ்வளவு என்று சென் பிரித்துக் காட்டவில்லை. இரண்டு பக்கக் கட்டுரையில் காட்டவும் முடியாது.

இரண்டாவது, எஸ்.வி. சுப்ரமணியனும் கூட்டாளிகளும் 2009-ல் எழுப்பிய கேள்வி. இந்திய டேட்டாவையே எடுத்துக்கொண்டு, படிக்காதவர்கள் நோயைக் குறைத்துச் சொல்கிறார்களா என்று பார்த்தார்கள். சென் சொல்வதை நேராக நீட்டினால் அப்படித்தானே வரவேண்டும்? வரவில்லை. படிப்பில்லாதவர்கள்தான் அதிகமாக உடம்பு சரியில்லை என்றார்கள், நாம் எதிர்பார்க்கிற மாதிரியே. ஆகவே சொந்த வாயால் சொல்லும் ஆரோக்கியத்தைக் குப்பை என்று தள்ளாதீர்கள் என்பது அவர்கள் வாதம்.

அப்படியென்றால் யார் சொல்வது சரி? என்னைக் கேட்டால் இரண்டு பேரும். இதைப் புரிந்துகொள்ள, அளவியலில் ‘அளவீட்டு மாறாமை’ என்று ஒன்று பேசுவார்கள், அது உதவும். பெயர்தான் பயமுறுத்தும், விஷயம் தெர்மாமீட்டர் விஷயம். செல்சியஸ், ஃபாரன்ஹீட் இரண்டும் ஒரே சூட்டைத்தான் அளக்கின்றன. ஆனால் பூஜ்யம் வேறு இடத்தில், ஒரு டிகிரியின் அளவும் வேறு. ஒன்றின் 0 இன்னொன்றில் 32, ஒன்றின் 1 டிகிரி இன்னொன்றில் 1.8. இரண்டு கூட்டத்தாரிடம் ஒரே கேள்வித்தாளைக் கொடுக்கும்போது மூன்று விஷயம் தனித்தனியாகச் சரியா என்று பார்க்க வேண்டும். இருவரும் ஒரே பொருளைத்தான் அளக்கிறார்களா? படியின் அளவு ஒன்றா? பூஜ்யம் ஒன்றா? படியின் அளவு ஒன்றாக இருந்தால் போதும், அந்தந்தக் கூட்டத்துக்குள் ‘படிக்காதவர், படித்தவர்’ என்று ஒப்பிடலாம். ஆனால் கூட்டத்துக்குக் கூட்டம் சராசரியை ஒப்பிட வேண்டுமென்றால் பூஜ்யமும் ஒன்றாக இருந்தே ஆகவேண்டும். சுப்ரமணியன் பார்த்தது உள்ளே இருக்கும் சரிவை. சென் பார்த்தது பூஜ்யத்தை. பீகாரின் பூஜ்யம் கேரளாவின் பூஜ்யத்தில் இல்லை, அவ்வளவுதான்.

சாஃப்ட்வேர் ஆளுக்கு இது நன்றாகத் தெரிந்த வியாதி. 1999-ல் செவ்வாய்க்கு அனுப்பிய விண்கலம் ஒன்று, ஒரு புரோகிராம் பவுண்டு-செகண்டில் கொடுத்த எண்ணை இன்னொன்று நியூட்டன்-செகண்ட் என்று எடுத்துக்கொண்டதால் தொலைந்தது. இரண்டு பக்கமும் வெறும் எண். கம்பைலர் ஒன்றும் சொல்லாது. ரேங்க் பட்டியலும் ஒன்றும் சொல்லாது.

பூஜ்யம் வேறு என்றால் சரிசெய்துவிடலாமே என்று ஒரு குழு கிளம்பியது. கேரி கிங், கிறிஸ்டோபர் மர்ரே முதலியவர்கள் 2004-ல் வெளியிட்ட கட்டுரை. அதை எங்கள் ஊர்ப்பக்கப் பாஷையில் சொன்னால் சுலபம். விருத்தாசலம் பீங்கான் சூளைகளில் கோன் வைப்பார்கள். சின்னக் கூம்பு, களிமண்ணும் இன்னும் சில பொருளும் சேர்த்துச் செய்தது. குறிப்பிட்ட அளவு சூடு ஏறினால் அதன் தலை வளையும். உள்ளே இருக்கும் சாமானுக்கு உண்மையில் எவ்வளவு சூடு பட்டது என்பதை, அதே சூளையில் அதே நேரம் வெந்த கோனைப் பார்த்துத்தான் நிச்சயமாகச் சொல்ல முடியும். (ஜெர்மனி செகர் கோனும் அமெரிக்க ஆர்ட்டன் கோனும் ஒரே நம்பர் போட்டிருந்தாலும் ஒரே சூட்டில் வளையாது. நம்பரைப் பார்த்து ஏமாந்த கதை அங்கேயும் உண்டு.) கிங் குழு செய்ததும் இதேதான். ‘உங்கள் நிலை எப்படி’ என்று கேட்பதோடு, எல்லா நாட்டிலும் ஒரே மாதிரியாக ஒரு கற்பனை ஆளின் கதையைச் சொல்லி, ‘இவர் நிலை எப்படி’ என்றும் கேட்டார்கள். அந்தக் கதைதான் கோன். கதை எல்லாருக்கும் ஒன்றே என்பதால், பதில் மாறினால் மாறியது அளவுகோல்தான்.

அதில் வந்த முடிவு மறக்க முடியாதது. அரசாங்கம் செய்வதில் உங்கள் சொல்லுக்கு எவ்வளவு மதிப்பு என்று கேட்டால், சீனாக்காரர்கள் மெக்ஸிகோக்காரர்களை விட அதிக மார்க் போட்டுக்கொண்டார்கள். மெக்ஸிகோவில் அப்போதுதான் ஓட்டுப்போட்டு, எழுபது வருஷமாக ஆண்ட கட்சியை இறக்கியிருந்தார்கள்! பிறகு கதைகள். ஒரு கதையில் வருபவருக்கு நல்ல குடிதண்ணீர் கிடையாது, ஓட்டும் கிடையாது, அரசாங்கத்தில் கேட்க நாதியில்லை, பேசாமல் பொறுத்துக்கொண்டிருக்கிறார். சீனாவில் நாற்பது சதவீதத்துக்கு மேற்பட்டவர்கள், என் நிலை இவரை விடவும் கீழே என்று சொன்னார்கள். கதைகளை வைத்துத் திருத்தியதும் வரிசை தலைகீழானது. ஆறேழு வருஷத்துக்கு முன்னால் இதைப் படித்தபோது எனக்குக் கைதட்டத் தோன்றியது.

இந்தியாவிலும் இது வந்தது. 2003-ல் நடந்த உலக சுகாதார நிறுவனத்தின் உலக சுகாதார சர்வேயில் இந்தக் கதைகள் இருந்தன. அசாம், கர்நாடகா, மகாராஷ்டிரா, ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம், மேற்கு வங்கம் என்று ஆறு மாநிலம். தமிழ்நாடு அதில் இல்லை. அதனால் நானே நடமாட்டம் பற்றிய கதை ஒன்றைத் தமிழில் எழுதி வீட்டில் போட்டுப் பார்த்தேன்.

போன பொங்கலுக்குக் கருவேப்பிலங்குறிச்சி போயிருந்தபோது அம்மாவிடம் முதலில் நேர்க்கேள்வி: “நடக்கிறது, ஏறி இறங்குறது, இதுல உனக்கு எவ்வளவு கஷ்டம்? ஒண்ணுமில்ல, கொஞ்சம், மிதம், ரொம்ப, முடியவே முடியல. இதுல எது?”

“எனக்கென்னா கஷ்டம்? நல்லாத்தான் இருக்கேன். பரவால்ல.”

‘பரவாயில்லை’ எந்தப் பெட்டியில் போகும்? ஒருவர் காய்ச்சலிலிருந்து எழுந்து சொன்னால் ‘தேறிட்டேன்’. புது மருமகள் சமையலைப் பற்றிச் சொன்னால் ‘சுமார்’. டீ வேணுமா என்றதற்குச் சொன்னால் ‘வேணும், ஆனா உனக்கு சிரமம் வேண்டாம்’. அம்மா சொன்னது கடைசி வகை என்றுதான் எனக்குப் பட்டது. சரி, ‘ஒண்ணுமில்ல’ என்று குறித்துக்கொண்டேன். அடுத்து கதை. “ஒரு அம்மா, உன் வயசு. முட்டி வீங்கியிருக்கு. கடைத்தெரு வரைக்கும் ஒரே மூச்சா நடக்க முடியாது, நடுவுல உக்காந்து உக்காந்துதான் போவணும். தரையில உக்காந்தா ஒருத்தர் கை குடுத்தாதான் எந்திரிக்க முடியும். இவங்களுக்கு எவ்வளவு கஷ்டம்?”

“அய்யோ பாவம். ரொம்பக் கஷ்டம்னு போடு. யாரு அது, தெக்குத் தெருவா?”

நான் சொன்னது அம்மாவைத்தான். வீக்கம், உட்கார்ந்து போவது, கை கொடுப்பது எல்லாம்.

கிங் முறைப்படி இந்தப் பதில்களைக் கம்ப்யூட்டருக்குக் கொடுத்தால் என்ன வரும்? கதையில் வருபவர் ‘ரொம்ப’, பதில் சொன்னவர் ‘ஒண்ணுமில்ல’. எனவே பதில் சொன்னவர் கதையில் வருபவரை விட மூணு படி ஆரோக்கியமானவர். திருத்துவதற்கென்று வந்த முறை, தப்பான பதிலுக்கு அரசு முத்திரை குத்திக் கொடுக்கிறது.

இந்த முறைக்கு இரண்டு நிபந்தனை உண்டு, அதை அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். கதையை எல்லாரும் ஒரே மாதிரி புரிந்துகொள்ள வேண்டும். அடுத்தவருக்கு மார்க் போடும் அதே அளவுகோலால் தனக்கும் போட வேண்டும். முதல் நிபந்தனை நம்மிடம் எங்கே இடிக்கிறது என்பது ‘தெக்குத் தெருவா?’ என்ற கேள்வியிலேயே இருக்கிறது. தண்ணீர் வரவில்லை என்று ஒரு ஆளின் கதையைச் சொன்னால் நம் ஆட்கள் முதலில் கேட்பது எந்தத் தெரு என்றுதான். பெயரை உள்ளூர்ப் பெயராக மாற்றிக்கொள்ளலாம் என்கிறது அந்த முறை. எந்தப் பெயர்? நம்மூரில் பெயருக்குப் பின்னால் சாதி வைப்பதில்லை என்றாலும், மதமும் தலைமுறையும் வசதியும் பெயரிலேயே தெரிந்துவிடும்.

இரண்டாவது நிபந்தனை இன்னும் ஆபத்து. 2011-ல் பாகோ டூவா முதலியவர்கள் இங்கிலாந்து முதியவர்களின் டேட்டாவில் இதைச் சோதித்தார்கள். நடமாட்ட விஷயத்தில் ‘தனக்கும் பிறருக்கும் ஒரே அளவுகோல்’ என்ற அனுமானம் நிற்கவில்லை. இங்கிலாந்திலேயே. எனக்கு இதை விடக் கவலை, யாரிடம் அது நிற்காது என்பதில். தன் வலியைச் சொல்லப் பழகாதவர்களிடம்தான் நிற்காது. அவர்களுக்காகத்தானே அந்த முறையே கண்டுபிடித்தது?

இது எங்கள் அம்மாவின் தனிக்குணம் இல்லை. சென் தன் பழைய எழுத்தில் ஒரு விவரம் தருவார். வங்காளப் பஞ்சத்துக்கு அடுத்த வருஷம், 1944-ல், கல்கத்தா பக்கத்து சிங்கூரில் அகில இந்திய பொதுச் சுகாதார நிறுவனம் ஒரு சர்வே எடுத்தது. உடம்பு ‘சுமாராகத்தான் இருக்கிறது’ என்று சொன்ன மனைவியை இழந்த ஆண்கள் 45.6 சதவீதம். அதையே சொன்ன கணவனை இழந்த பெண்கள் ஒருவர்கூட இல்லை. பஞ்சம் போன மறு வருஷம், ஒரு விதவைக்குக்கூட உடம்பு சுமார் இல்லையாம்!

எனக்கு 2002 கட்டுரையை விட இந்தப் பழைய எண்தான் முக்கியமாகப் படுகிறது. இங்கே இரண்டு நாடு இல்லை, இரண்டு மாநிலம் இல்லை, இரண்டு மொழி இல்லை. ஒரே ஊர், ஒரே பஞ்சம். ஆனால் இரண்டு பூஜ்யம். பண்பாடுகளுக்கு இடையே அளவுகோல் மாறுகிறது என்று நாம் பேசும்போது மனதில் ஓடுவது உலக வரைபடம்: பின்லாந்து இங்கே, இந்தியா அங்கே. அளவுகோல் மாறுகிற எல்லை திண்ணைக்கும் அடுப்படிக்கும் நடுவே ஓடுகிறது. ‘இந்தியப் பண்பாட்டுக்கு இந்திய அளவுகோல்’ என்று கேட்கும் வாட்ஸ்அப் கோஷ்டிக்கு என் பதில் இதுதான்: எந்த இந்தியருடைய அளவுகோல்?

நம்பிக்கை பற்றிய கேள்வியிலும் இதே கதை. உலக மதிப்பீட்டு சர்வேயில் ‘பெரும்பாலான மனிதர்களை நம்பலாமா’ என்று கேட்பார்கள். டெல்ஹே, நியூட்டன், வெல்சல் மூவரும் 2011-ல் காட்டியது, சில நாடுகளில் ‘பெரும்பாலானவர்கள்’ என்றால் தெரிந்தவர்கள் என்று எடுத்துக்கொள்கிறார்கள். சீனாவில் அப்படி. அந்த வட்டத்தைக் கணக்கில் சேர்த்ததும் நாடுகளின் வரிசை மாறியது. எங்கள் பக்கத்தில் இந்தக் கேள்வியைப் போடுங்கள். ‘எங்க ஊரு ஆளுங்கள நம்பலாம் சார்’ என்பார்கள். கடலூர் மாவட்டத்தில் ‘ஊர்’ என்ற சொல்லில் காலனி சேராது. ‘ஊரே திரண்டு வந்துச்சு’ என்று சொல்லும் வாக்கியத்தில் காலனி இருக்காது. சொல்பவருக்கு அதில் எந்த உறுத்தலும் இருக்காது. அவர் நம்பலாம் என்று குறித்த மார்க்கை ஸ்வீடன்காரர் மார்க்குக்குப் பக்கத்தில் வைக்கும்முன், அதே பஞ்சாயத்தில் காலனியில் இருப்பவர் மார்க்குக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

இதையெல்லாம் சொன்னால் ‘அப்ப சர்வேயே வேண்டாமா’ என்பார்கள். வேண்டும். சொல்வதைக் கேட்பதோடு அளந்தும் பார்க்க வேண்டும். 2017-18-ல் 45 வயதுக்கு மேற்பட்டவர்களும் அவர்களின் வாழ்க்கைத் துணைகளுமாக 72,000-க்கும் அதிகமான பேரிடம் எடுத்த லாசி சர்வேயில், கேள்வியோடு கைப்பிடி பலம், நடை வேகம், ரத்த அழுத்தம் எல்லாம் அளந்தார்கள். எனக்குத் தெரிந்து இந்தியாவில் இந்தப் பிரச்சினையை மதித்து நடத்திய வேலை அது. செலவு அதிகம். அதனால்தான் செலவில்லாத ஒற்றைக் கேள்வி ரேங்க் பட்டியல்கள் நாளிதழில் வருகின்றன.

இதில் விளையாட்டில்லை. 2017-18 தேசிய மாதிரி சர்வேயின் 75-வது சுற்றில், கடந்த 15 நாளில் உடம்பு சரியில்லை என்றவர்கள் கிராமத்தில் 6.8 சதவீதம், நகரத்தில் 9.1 சதவீதம். இதை வைத்து ஆஸ்பத்திரி எங்கே கட்டுவது என்று முடிவு செய்தால் எங்கே கட்டுவார்கள்? இன்னொன்று. 2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வீடு வீடாகப் போய் பிரஷர், சுகர் பார்க்கிறது. பார்த்தால் என்ன ஆகும்? நேற்றுவரை ‘நல்லா இருக்கேன்’ என்றவர் இன்று ‘எனக்கு சுகர் இருக்கு’ என்பார். அடுத்த சர்வேயில் தமிழ்நாட்டின் எண் கெடும். திட்டம் எவ்வளவு நன்றாக நடக்கிறதோ அவ்வளவு கெடும். அதை எடுத்துக்காட்டி ‘பார்த்தீங்களா, நோய் கூடிப்போச்சு’ என்று யாராவது எழுதுவார். அவருக்கு மறுப்பு எழுதுபவர், எண் குறையும்போதும் இதே மறுப்பை எழுத வேண்டும். அதுதான் கஷ்டம்.

அம்மா விஷயத்தில் நான் கேள்வியை மாற்றினேன். கஷ்டமா என்று கேட்பதை விட்டுவிட்டேன். போன வாரம் போனில் கேட்டேன், “கடைத்தெருவுக்குப் போறப்ப வழியில எத்தன எடத்துல உக்காருவ?”

கொஞ்சம் யோசித்தார். “போறப்ப மூணு. பையோட வர்றப்ப அஞ்சு.”